‘தீர்க்காதிருங்கள்’ என்ற வசனமும் நாம் செய்யும் தவறுகளும்

“மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்” என்ற மத்தேயு 7:1 சபையில் அநேகமாக எல்லாருக்கும் மனப்பாடம். யாராவது நம் தவற்றைச் சொல்லிவிட்டால் போதும், உடனே வாயில் வந்துவிடும். பிறரிடம் நாம் எப்படி நடக்க வேண்டும் என்று சொன்ன வசனத்தை நமக்குக் கேடயமாக்கிக்கொள்கிறோம். முதல் தவறு இதுதான்.

ஐந்தாம் வசனம் வரை வாசித்தால் விஷயம் வேறு. “முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு” என்கிறார் இயேசு. உத்திரம் என்றால் கூரையைத் தாங்கும் பெரிய மரம். தச்சு வேலை செய்தவர் சொன்ன உவமை. கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை அப்படியே விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை. எதை முதலில் எடுப்பது என்றுதான் சொன்னார். கண்ணில் விழுந்த தூசியை எடுக்கத் தெளிவான பார்வையும் நடுங்காத கையும் வேண்டுமே.

இந்த வசனத்தைப் பாதியில் நிறுத்துவதால் வரும் கேட்டில் மோசமானது, பாதிக்கப்பட்டவரின் வாயை அடைப்பது. கணவன் அடிக்கிறான் என்று ஒரு பெண் வந்து அழுதால், “நாம யாரும்மா தீர்ப்புச் சொல்ல? மன்னிச்சிடு” என்று அனுப்பிவிடுகிறோம். இரக்கமெல்லாம் அடித்தவனுக்கு, சுமையெல்லாம் அடிபட்டவளுக்கு. குற்றம் செய்தவனிடம் முதலில் தனியாகவும், கேளாவிட்டால் சாட்சிகளோடும், பிறகு சபையிலும் பேசச் சொல்கிறது மத்தேயு 18. (அதைக் காட்டி அவளை அவனிடம் தனியாகத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது.) தீமையைத் தீமை என்று சொல்வது வேறு; அந்த மனிதன் இனித் தேறவே மாட்டான் என்று முத்திரை குத்துவது வேறு.

“சின்ன விஷயம்தானே, விட்டுவிடு” என்பதும் இரக்கம் ஆகாது. அதே அதிகாரத்தில் வரும் கடன்காரன் உவமையைப் பாருங்கள். ராஜா தன் வேலைக்காரனின் கடனை மன்னிக்கிறார்; அவனோ தன் உடன் வேலைக்காரனின் கடனை மன்னிக்க மறுக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். தினக்கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ராஜா மன்னித்த 10,000 தாலந்து 3,000 கோடி ரூபாய். அவனுக்கு உடன் வேலைக்காரன் தர வேண்டிய 100 வெள்ளிப்பணமோ 50,000 ரூபாய். மூன்று மாதத்துக்கு மேலான கூலி, லேசாக விட்டுவிடும் தொகையா அது? நமக்குப் பிறர் செய்தது உண்மையிலேயே வலிக்கும் என்பதை உவமை மறுக்கவில்லை. பக்கத்தில் அந்த 3,000 கோடியை வைத்துப் பார்க்கச் சொல்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் ஜெபக்குறிப்பு. “அந்தக் குடும்பத்துக்காக ஜெபிச்சுக்கோங்க” என்று ஆரம்பித்து, மகள் யாரோடு போனாள் என்பது வரை சொல்லி முடிப்போம். நானும் செய்திருக்கிறேன். பெயரும் விவரமும் இல்லாமலே ஜெபிக்க முடியும்.

நோயாளியின் படுக்கையருகே “என்ன பாவமோ” என்று முணுமுணுப்பதும் இதே வகைதான். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீடர்கள் கேட்ட கேள்வி அது. இவனும் பாவம் செய்யவில்லை, இவன் பெற்றோரும் செய்யவில்லை என்றார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்றார்.

கடைசியாக, நம் உத்திரத்தை எடுத்தாகிவிட்டது என்ற நினைப்பு. ‘இந்த ஆயக்காரனைப்போல (வரி வசூலிப்பவனைப்போல) நான் இல்லை’ என்று நன்றி சொல்லி ஜெபித்த பரிசேயனின் கதையை வாசித்துவிட்டு, ‘நல்லவேளை, நான் அந்தப் பரிசேயனைப் போல இல்லை’ என்று மூச்சுவிடுகிறோமே, அது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் ஸ்கேத்தே பாலைவனத்தில் மோசே என்றொரு துறவி இருந்தார், முன்பு கொள்ளைக்காரர். தவறு செய்த ஒரு சகோதரனை விசாரிக்கத் துறவிகள் கூடி அவரையும் அழைத்தார்கள். மறுத்தார், மறுபடி ஆள் அனுப்பினார்கள். ஒழுகும் ஜாடி ஒன்றில் தண்ணீரை நிரப்பிச் சுமந்துகொண்டு வந்தார். என்ன இது என்று கேட்டார்கள். “என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டே வருகின்றன, நான் பார்ப்பதில்லை. இன்னொருவனின் தவற்றைத் தீர்க்க வந்திருக்கிறேன்” என்றாராம். அதற்குமேல் அந்தச் சகோதரனிடம் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை, மன்னித்துவிட்டார்கள்.