கத்திரி வெயிலுக்கு வீட்டைத் தயார் பண்றது எப்படி? மொட்டை மாடியில இருந்து ஆரம்பிங்க

எங்க வீடு மதுரைப் பக்கம், மாடியில ஒரே ஒரு ரூம், அதுதான் என் ரூம். கட்டின முதல் வருஷம் கத்திரி வெயில்ல ராத்திரி 10 மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்ல கைய வச்சுப் பாத்தேன், அடுப்புல இருந்து இறக்கி வச்ச இட்லிக் குண்டா மூடி மாதிரி கதகதன்னு இருந்துச்சு. வெளிய காத்து எப்பவோ ஆறிப்போச்சு, உள்ள ஃபேன் மட்டும் அந்தச் சூட்டக் கீழ தள்ளிட்டே இருக்கு. பகல் முழுக்க வாங்குன வெயில கான்கிரீட் சாயங்காலத்துக்கு மேலதான் வீட்டுக்குள்ள இறக்கும். ஏசி போட்டாலும் அது முதல்ல இந்த சீலிங்கோடதான் மல்லுக்கட்டணும், அதனால காச அங்க கொட்டுறதுக்கு முன்னாடி மாடியில ஏறிப் பாருங்க.

புதுசா கட்டுறவங்க தளத்துக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, அது மேல தட்டு ஓடு, அதாவது தட்டையான மண் ஓடு, பதிக்கச் சொல்லுங்க. முன்னாடி எல்லா வீட்டுலயும் இதுதான், கடுக்காய் ஊறவச்ச தண்ணி விட்டு நாள்கணக்கா தட்டித் தட்டிப் போடுவாங்க. எங்க வீட்டு கான்ட்ராக்டர் “இப்ப யாரு சார் அதெல்லாம் போடுறா”ன்னு சொல்லி சிமெண்ட் பூச்சோட முடிச்சுட்டாரு, நானும் சரின்னு தலையாட்டிட்டேன், தயவுசெஞ்சு நீங்க ஆட்டாதீங்க.

ஏற்கனவே கட்டியாச்சுன்னா வெள்ளை அடிங்க, இத மாதிரி குறைஞ்ச செலவுல பலன் தர்ற வேலை வேற இல்ல. மாசி மாசமே மாடியக் கூட்டி, பிரஷ் போட்டுத் தேச்சுக் கழுவி வச்சுக்கோங்க. இரும்பு டிரம்ல தண்ணிய ஊத்திட்டு அதுல கிளிஞ்சல் சுண்ணாம்பக் கொஞ்சம் கொஞ்சமா போடணும், சுண்ணாம்பு மேல தண்ணிய ஊத்தக் கூடாது, கொதிச்சுத் தெறிக்கும், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து, அதனால கண்ணாடியும் கிளவுஸும் போட்டுக்கிட்டு பிள்ளைங்கள தூரமா அனுப்பிடுங்க. ஒரு ராத்திரி ஊறினதும் பழைய வேட்டித் துணியில வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, வெயில் தாழ்ந்தப்புறம் தரைய லேசா நனைச்சுட்டு ரெண்டு கோட் அடிங்க. மழையில கரையும், வருஷா வருஷம் அடிக்கணும். மழைத்தண்ணி தொட்டியில பிடிக்கிறவங்க மொத ரெண்டு மூணு மழைய வெளிய விட்டுடுங்க. நிரந்தரமா வேணும்னா வெள்ளை டைல்ஸ் ஒட்டிக்கலாம், செலவு கூட. பச்ச வலை கட்டுறதா இருந்தா ஆள் நிக்கிற உயரத்துக்கு மேல கட்டுங்க, வலைக்கும் தளத்துக்கும் நடுவுல காத்து ஓடுனாதான் பிரயோஜனம்.

அடுத்தது மேற்குச் சுவர். ஏப்ரல் நடுவுல மதுரைக்கும், கடைசி வாரத்துல சென்னைக்கும் சூரியன் நேர் உச்சிக்கு வந்துடும், அப்புறம் ஆகஸ்ட் வரைக்கும் மதியத்துல வடக்கத் தள்ளிதான் நிக்கும். அதனால நம்ம ஊர் கோடையில தெற்குச் சுவருக்கு வெயில் ரொம்பக் கம்மி, அடி வாங்குறதெல்லாம் கிழக்கும் மேற்கும்தான். சாயங்கால வெயில் சாஞ்சு வர்றதால ரெண்டடி சன்ஷேடு அதத் தடுக்காது. இதுல வாஸ்து பாக்குறவங்க பெரிய பெட்ரூம கன்னி மூலையில வைப்பாங்க, அதாவது தென்மேற்குல, வெயில் முழுக்க வாங்குன சுவரு பக்கத்துலயே ராத்திரி படுக்கணும். மாத்த மனசு வரலன்னா பரவால்ல, அந்த மேற்குச் சுவர ஒட்டி பீரோவும் ஷெல்ஃபும் வச்சு கட்டில எதிர்ப்பக்கம் போடுங்க, வெளிய ஒரு வேம்போ புங்கையோ அஸ்திவாரத்துக்குத் தள்ளி நடுங்க, மரம் வளர்ற வரைக்கும் கொடி ஏத்துங்க. புதுசா பிளான் போடுறவங்க பாத்ரூம், மாடிப்படி, ஸ்டோர் ரூம் எல்லாத்தயும் மேற்கால தள்ளிடுங்க.

ஜன்னலுக்கு உள்ள கர்ட்டன் போடுறது பத்தாது, கண்ணாடியத் தாண்டுன சூடு உள்ள வந்த சூடுதான். மூங்கில் தட்டியோ ஓலைத் தட்டியோ வெளிப்பக்கம் தொங்க விடுங்க. மதுரை, திருச்சி, வேலூர் மாதிரி வறண்ட ஊர்னா வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணி தெளிச்சா வாசனையோட குளுமையா வரும், சென்னையில காத்துலயே ஈரம் இருக்கறதால அவ்வளவா எடுபடாது, ஏர் கூலருக்கும் இதே கததான்.

ஜன்னல் எதிரெதிரா ரெண்டு இருக்கணும், ஒண்ணு மட்டும் இருந்தா காத்து நுழையாது. ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும், கதவு மாதிரி திறக்குறத வைங்க. சீலிங் ஓரமா வெண்டிலேட்டர் கண்டிப்பா விடுங்க. முக்கியமா கொசுவலைய கட்டும்போதே அடிச்சுடுங்க, இல்லன்னா காத்து ஆறுற நேரத்துல, சாயங்காலம் 6 மணிக்கு எல்லாத்தயும் சாத்திட்டு வேகத்தான் வேணும். பகல்ல 9 மணிக்கு மேல மூடி வச்சு, ராத்திரி முழுக்கத் திறந்து விடுங்க. மாடிப்படி மேல இருக்கற ஹெட்ரூம்ல ஜாலி, அதாவது ஓட்டை ஓட்டையா இருக்கற சுவர், வச்சா வீட்டுச் சூடெல்லாம் அது வழியா மேல போயிடும்.

கடைசியா, மொட்டை மாடியில ஒரு பைப்பும் ஒரு பிளக் பாயிண்டும் மறக்காம வைக்கச் சொல்லுங்க. எங்க வீட்டுல அப்புறமா வச்சோம், சுவர உடைச்சு. இப்ப சாயங்காலம் 6 மணிக்கு ரெண்டு பக்கெட் தண்ணி தெளிச்சா, வெள்ளை அடிச்ச தரை எட்டு மணிக்குள்ள காலுக்கு இதமா ஆயிடுது, பாய விரிச்சு அம்மா சோறு உருட்டிக் குடுக்க, பிள்ளைங்க கீழ இறங்கவே மாட்டேங்குதுங்க.