அஜய் சக்ரவர்த்தியின் கயாலைக் கேட்கப் பழகுவது எப்படி?

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்கள் ஹிந்துஸ்தானி பாடகர் பண்டிட் அஜய் சக்ரவர்த்தியின் பதிவைப் போட்டுவிட்டு, பத்தாவது நிமிடத்தில் “இன்னும் ஆலாபனையே முடியலையா?” என்று நிறுத்திவிடுவதுண்டு. ஆலாபனை எப்போதோ முடிந்து தபலாவும் சேர்ந்திருக்கும். ஓடுவது விளம்பித கயால், அதாவது கயால் என்ற ஹிந்துஸ்தானிப் பாட்டு வகையின் மிக மெதுவான வடிவம். அதில் போய் முதலில் உட்காராதீர்கள்.

ஆரம்பத்துக்கு மால்கௌன்ஸ் ராகத்தில், தீன்தால் என்ற தாளத்தில் அமைந்த ஒரு துரித (வேகமான) கயால் போதும். ஸ்வரங்கள் நம் ஹிந்தோளத்துடையவைதான். ஆனால் ராகத்தில் பஞ்சமம் இல்லாததால் தான்பூராவின் முதல் தந்தியை மத்யமத்தில் சேர்த்திருப்பார்கள். பஞ்சமத்துக்குப் பழகிய காதுக்கு ஸ்ருதியே பிசகியதுபோல் தோன்றும், பிசகு ஒன்றுமில்லை. பாட்டுக்கு முன் இரண்டு நிமிடம் தான்பூராவை மட்டும் கேளுங்கள், சரியாகிவிடும்.

ஹெட்போன் கட்டாயம். தீன்தாலின் 16 மாத்திரைகளில் 10 முதல் 13 வரை பாயானின், அதாவது இடக்கை தபலாவின், கும்கி என்ற அதிரும் கீழ் நாதம் நின்றுவிடும். அது திரும்பி வந்ததும் ஸமம், அதாவது தாளச் சுற்றின் முதல் மாத்திரை, நெருங்குகிறது என்று அர்த்தம். செல்போன் ஸ்பீக்கரில் அந்தக் கீழ் நாதம் விழவே விழாது; பிறகு எங்கே தாளம் பிடிப்பது?

அடுத்து யமன் ராகம், விளம்பித ஏக்தால் தாளம். இங்கே கையில் தாளம் போட்டால் தோற்றுப்போவீர்கள். மாத்திரை 12தான், ஆனால் ஓர் ஆவர்த்தனம் (தாளச் சுற்று) முடிய ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகலாம். எண்ணுவதை விட்டுவிட்டு ‘திரகிட’ என்ற தபலாச் சொல்லைத் தேடுங்கள். அது 4ஆம் மாத்திரையிலும் 10ஆம் மாத்திரையிலும் வரும். முதல் திரகிடவுக்குப் பின் ‘தூ நா’. இரண்டாவதற்குப் பின் ‘தின் நா’, உடனே ஸமம். பலர் முதல் திரகிடவிலேயே ஸமத்தை எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். முதல் சில ஆவர்த்தனங்கள் பாட்டைக் கண்டுகொள்ளாமல் தபலாவை மட்டும் தொடர்ந்தால் இந்தக் குழப்பம் தீரும். அதன் பிறகு, பல்லவி எடுப்பைப்போல, பாட்டின் தொடக்க வரியான ‘முக்டா’ ஒவ்வொரு தடவையும் ஸமத்தில் வந்து இறங்குவது தானாகவே பிடிபடும்.

யமனுக்கு இணையான நம் கல்யாணியின் கமகத்தை (ஸ்வர அசைவை) யமனில் தேடாதீர்கள். இங்கே ஸ்வரங்கள் அசையாமல் நிற்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ‘மீண்ட்’ மூலம் வழுக்கிச் செல்லும். ஸட்ஜத்தைத் தொடாமல் ‘நி ரி க’ என்று ஏறுவதைக் கண்டுகொண்டால் யமன் கைக்கு வந்த மாதிரிதான்.

அஜய் சக்ரவர்த்தியின் பாட்டில் வேகமும் கணக்கும் குழைவும் ஒன்றாக இருப்பதற்கு அவருடைய பாடமும் ஒரு காரணம். 1952இல் பிறந்து, மேற்கு வங்கத்தின் ஷ்யாம்நகரில் வளர்ந்தவர். தந்தையிடம் தொடங்கிய பயிற்சி, தபலாவிலும் வித்வானான ஞான் பிரகாஷ் கோஷிடம் தொடர்ந்தது. பிறகு படே குலாம் அலி கானின் மகன் முனவ்வர் அலி கானிடம் பாட்டியாலா பாணி கிடைத்தது. அந்தப் பாணியின் அடையாளம் மின்னல் வேகத் தான்கள், அதாவது வேகமான ஸ்வரக் கோவைகள். ‘ஆ’ என்று ஆகாரத்தில் கொட்டும் ஒரு தானைப் பிடித்து, பதிவின் வேகத்தை முக்காலாகக் குறைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக நின்றால் அது நல்ல தான்; மொழுக்கென்று ஒட்டிக்கொண்டால் வெறும் வேகம். இடையிடையே ஸ்வரப் பெயர்களைச் சொல்லிப் பாடும் ‘ஸர்கம்’ நமக்குக் கல்பனாஸ்வரம் மாதிரிதான் கேட்கும், ஆனால் ராகவிஸ்தாரத்தின் நடுவே எங்கு வேண்டுமானாலும் முளைக்கும்.

தும்ரி என்ற, பாவத்துக்கு முக்கியத்துவம் தரும் பாட்டு வகையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஒரே வரியைப் பத்து விதமாகப் பாடும்போது எந்தச் சொல்லுக்கு அழுத்தம் மாறுகிறது, வேற்று ராகச் சாயல் எங்கே எட்டிப் பார்க்கிறது என்று கவனித்தாலே போதும். அர்த்தம் தெரியாவிட்டாலும் குறைவில்லை. ராகத்தை அடிப்படையாகக் கொண்ட வங்காள ராகப்பிரதான் பாடல்களுக்கு அப்படியல்ல; பாடல் வரிகளின் பொருளை முன்கூட்டியே படித்துக்கொள்ளுங்கள். பாடல் சிறியது, சொல்லுக்காகத்தான் ராகம் அடக்கி வாசிக்கப்படும். ‘சந்தநீர்’ என்ற வங்காளப் படத்தில் பாடியதற்காக இவர் தேசிய விருதும் பெற்றிருக்கிறார்.

நேரில் கேட்பதென்றால் ஜனவரிப் பிற்பாதியில் கொல்கத்தாவில் நடக்கும் டோவர் லேன் இசை மாநாடு நல்ல இடம், கச்சேரிகள் இரவு முழுக்க நடக்கும். யார் பாடினாலும், தபலாக்காரரின் இடது கை தெரிகிற பக்கமாகப் பார்த்து உட்காருங்கள்.