கடலூர், பாண்டி பக்கம் கோடைல காத்து, இடி, மழை: எதப் பாத்து முடிவு பண்றது

போன்ல வெதர் ஆப்ப தொறந்தா ஒரு மேகம், ஒரு மின்னல் படம், பக்கத்துல 40%னு போட்டிருக்கும். அத வச்சுகிட்டு நம்ம ஊருக்கு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. பங்குனில இருந்து ஆனி வரைக்கும் கடலூர், பாண்டி, மரக்காணம் வரைக்கும் எல்லாத்தையும் தீர்மானிக்கிறது காத்து எந்த திசைலருந்து வருதுங்கறதுதான். வெயில் எவ்ளோ ஏறும், எப்ப எறங்கும், ராத்திரி மழை உண்டா, எல்லாமே அதுக்குள்ள இருக்கு. அதனால மொதல்ல காத்தப் பாருங்க, டெம்பரேச்சர் அப்புறம்.

காலைல ஒரு பத்து மணிக்கு மொட்டமாடிக்கு போய் கொடில காயிற துணியப் பாருங்க. மேக்கேருந்து காத்து அடிச்சா துணி கடல் பக்கமா பறக்கும், காத்து வறட்சியா இருக்கும், அரை மணில துணி காஞ்சிடும். தரை சூடேற ஏற கடல் மேல இருக்கற குளுந்த காத்து உள்ள வரணும், அது மதியம் பன்னெண்டு ஒரு மணிக்கு வந்துட்டா அன்னைக்கு தப்பிச்சோம். வர்ற நேரம் நல்லாவே தெரியும், துணி கொஞ்ச நேரம் அசையாம தொங்கும், அப்புறம் அப்படியே ஊர்ப்பக்கமா திரும்பும், ஒடம்பு பிசுபிசுன்னு ஆகும் ஆனா சூடு கொறையும். மேகாத்து, அதாவது மேக்கேருந்து வர்ற காத்து, பலமா இருக்கற நாள்ல கடல்காத்து உள்ள வரவே முடியாம மூணு நாலு மணி வரைக்கும் தள்ளிப்போகும், அன்னைக்குதான் வெயில் 40ஐ தாண்டும். வயசானவங்க, சின்ன பசங்க இருக்கற வீட்ல இத கட்டாயம் கவனிங்க.

அக்னி நட்சத்திரம் முடிஞ்சா வெயில் போயிடும்னு நம்ம ஊர்ல எல்லாரும் சொல்றாங்க, கடலோரத்துக்கு அது பொருந்தாது. மே கடைசில, ஜூன்ல தென்மேற்கு பருவக்காத்து வலுக்கும்போது கேரளாவுக்கு மழை, நமக்கு மலைய தாண்டி வர்ற வறண்ட மேகாத்து, அதனால ஜூன் பாதி வரைக்கும் கூட கொளுத்தும். மே மாசத்துல வங்கக்கடல்ல புயல் உருவானாலும் மழைன்னு சந்தோஷப்பட வேணாம். 2019ல ஃபானி தமிழ்நாட்டு பக்கம் வரும்னு பேச்சு அடிபட்டுச்சு, கடைசில மே 3 ஒடிசால பூரிகிட்ட கரைய கடந்துச்சு. அப்படி வடக்க போற புயல் நம்ம பக்கம் மேகாத்த இழுத்து விட்டு வெயிலதான் ஏத்தும்.

இப்ப மழைக்கு வருவோம். கோடை மழை நம்ம தலைக்கு மேல உருவாகறது கம்மி. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை பக்கம் மத்தியானம் மேகம் கட்டும், அது கிழக்க நகந்து வந்தாதான் நமக்கு. நகத்தறது தரைக்காத்து இல்ல, மேல மூணு கிலோமீட்டர் ஒயரத்துல இருக்கற காத்து. விண்டி மாதிரி காத்து காட்டற ஆப்ல ஒயரத்த 700ன்னு (hPa, காத்தழுத்த கணக்கு, கிட்டத்தட்ட அந்த மூணு கிலோமீட்டர்தான்) மாத்தி பாருங்க, அங்க காத்து மேக்கேருந்து கிழக்க போனா வாய்ப்பு இருக்கு, கிழக்கேருந்து போனா மழை அந்தப்பக்கமே பெஞ்சிட்டு போயிடும். மார்ச் ஏப்ரல்ல நமக்கு ஏமாத்தமே மிஞ்சறதுக்கு பெரும்பாலும் இதான் காரணம்.

நாலு மணிக்கு மேல வானிலை மையத்தோட காரைக்கால் ரேடார், சென்னை ரேடார் ரெண்டையும் தொறந்து அனிமேஷன ஓட விடுங்க. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சில செவப்பா தெரியற பலமான மழை மேகம் விழுப்புரத்துக்கு வந்துட்டா, நமக்கு ஒரு மணி ஒன்ற மணி நேரம் இருக்குன்னு வச்சுக்கலாம். ஆனா கடல்காத்து நம்ம பக்கத்த ஏற்கனவே குளுர வச்சிருந்தா வில்லியனூர், நெல்லிக்குப்பம் வரைக்கும் வந்து அப்படியே கரைஞ்சு போறதும் உண்டு, ரெண்டு காத்தும் மோதி அங்கயே கொட்டித் தீக்கறதும் உண்டு.

வானிலை அறிக்கைல "ஓரிரு இடங்களில்"னு போட்டா மழை கால்வாசி இடத்துக்குள்ளதான்னு அர்த்தம், உங்க தெருவுக்கு வரலன்னா அறிக்கை தப்புன்னு ஆகாது. கனமழைன்னா 6.5 செமீக்கு மேல, மிக கனமழைன்னா 11.5 செமீக்கு மேல. கோடைல மழை அளவ விட "தரைக்காற்று மணிக்கு 40 முதல் 50 கிமீ"ங்கற வரிதான் முக்கியம். தானே (2011 டிசம்பர் 30), ஃபெஞ்சல் (2024 நவம்பர் 30) மாதிரி புயலுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே தகவல் வந்துடும், கோடை இடிக்கு அது கெடையாது, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ போடற உடனடி அறிவிப்புதான் கதி.

அதனால மேகம் கறுத்த பிறகு ஓடாம முன்னாடியே செய்யறத செஞ்சிடுங்க. ராமாபுரம், வெள்ளக்கரை பக்கம் வாழை போட்டவங்க தார் விட்ட மரத்துக்கு சவுக்கு முட்டு குடுக்கறத ஏப்ரல்லயே முடிச்சிடுங்க, அஞ்சே நிமிஷ சூறைல ஒரு வருஷ உழைப்பு சாஞ்சிடும். பண்ருட்டி பக்கம் முந்திரி பொறுக்கறவங்க இடி சத்தம் கேட்ட உடனே தோப்ப விட்டு வெளிய வந்துடணும், மரத்தடி ஒதுங்கற எடம் இல்ல, சத்தம் கேக்குதுன்னாலே மின்னல் எட்டற தூரத்துல நீங்க இருக்கீங்க. தாமினி ஆப் போட்டுக்கங்க, 20, 40 கிலோமீட்டருக்குள்ள மின்னல் விழுந்தா காட்டும். மாட்ட மரத்துல கட்டாதீங்க. மாடில தகர ஷீட்டு ஆடுதுன்னா இன்னைக்கே போல்ட்ட முடுக்குங்க.

ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு போகாது, ஆனா ஃபைபர் படகு போகும். மேக்கால மின்னல் வெட்டற சாயங்காலம் கரைய விட்டு தூரம் போகாதீங்க, காத்து தரைலருந்து கடலுக்குத்தான் தள்ளும், திரும்பறது பெரும்பாடு.

மழைக்கு முன்னாடி மேக்கேருந்து திடீர்னு புழுதியோட சில்லுனு ஒரு காத்து வரும், நிமிஷத்துல சூடு எறங்கும், நல்லாதான் இருக்கும், ஆனா அத வாங்க வாசல்ல நிக்காதீங்க, கெளை முறியறதும் கம்பி அறுந்து விழறதும் அப்பதான். ஜன்னல சாத்தி, டிவி, மோட்டார் ப்ளக்க புடுங்கிடுங்க. விடிஞ்சதும் தெருவுல கம்பி கெடந்தா கிட்ட போகாம கரண்டு ஆபீசுக்கு சொல்லுங்க, மரம் விழுந்து வழி அடைச்சிருந்தா மாவட்ட கட்டுப்பாட்டு அறை 1077.