மிஞ்சினால் கட்டலாம் என்றால் கடன் அடையாது

செலவெல்லாம் போக மிஞ்சுவதைக் கடனுக்குக் கட்டலாம் என்று நினைத்தால், மிஞ்சவே மிஞ்சாது. நானும் இரண்டு வருடம் அப்படித்தான் ஏமாந்தேன். இப்போது சம்பளம் வரும் அன்றே கடனுக்கான தொகை தனியாகப் போய்விடும். மீதியில்தான் மாதம் ஓட வேண்டும்.

சரி, எந்தக் கடனை முதலில் அடைப்பது? எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத் தவணையைத் தவறாமல் கட்டிவிட்டு, கூடுதலாக இருப்பதை வட்டி அதிகமுள்ள கடனில் மட்டும் போடுங்கள். கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் 3 சதவீத வட்டி என்றால் சின்னதாகத் தெரியும். வட்டிக்கு வட்டி சேர்ந்து வருடத்துக்கு அது 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். அந்தக் கடன் தீர்ந்ததும், அதற்குக் கட்டிவந்த தொகையை அப்படியே அடுத்த கடனுக்குத் திருப்புங்கள். கையில் கொஞ்சம் காசு புரள்வதுபோல் தோன்றும் நேரம் அது. பலர் சறுக்குவதும் அங்கேதான்.

செலவைக் குறைக்க, கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்துப் பேனாவால் கோடிட்டுப் பாருங்கள். எனக்கு ஒரே சேவைக்கு இரண்டு சந்தா ஓடிக்கொண்டிருந்தது!

வருடம் ஒருமுறை வரும் காப்பீடு, வாகனப் பராமரிப்பு போன்றவற்றை 12 ஆல் வகுத்து மாதாமாதம் ஒதுக்கி வையுங்கள். இல்லாவிட்டால் அதற்கும் மறுபடி கார்டைத்தான் நீட்ட வேண்டி வரும். அப்புறம், முன்கூட்டியே அடைத்தால் தனிக் கட்டணம் உண்டா என்று கடன் ஒப்பந்தத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.