அட்டையில் இருந்த லோகோ

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதையாக ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்காக நானே ஒரு சாகசக் கதை எழுதி, 24 பக்க பிடிஎஃப் ஆக்கியிருந்தேன். விற்பனைக்கு வைக்கும் முன் நண்பர், அட்டையில் நான் போட்டிருந்த அந்த விளையாட்டின் லோகோவைப் பார்த்து, "இந்த லோகோ உன்னுடையதா?" என்று கேட்டார்.

விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்ஆர்டி 5.1 என்ற ஆவணம், 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டது. அதை வைத்து எழுதி விற்கலாம். ஆனால் அந்த உரிமம் பதிப்புரிமைக்குத்தான், பெயர், லோகோ போன்ற வணிகச்சின்னத்துக்கு இல்லை. நான் இரண்டையும் ஒன்றென்றே நினைத்திருந்தேன்.

சரி என்று லோகோவை எடுத்தேன். தலைப்புக்குக் கீழே இருந்த விளையாட்டின் பெயரை நீக்கி, 'ஐந்தாம் பதிப்புடன் பொருந்தும்' என்று மட்டும் போட்டேன். அப்படிச் சொல்ல எஸ்ஆர்டியே அனுமதிக்கிறது. அது கேட்கும் உரிமக் குறிப்பை முதல் பக்கத்தில் எழுத்து மாறாமல் சேர்த்தேன்.

அப்புறம் கதையின் கடைசி அறை. அங்கே பிஹோல்டர் என்ற, இந்த விளையாட்டுக்கே உரிய அரக்கப் பிராணி ஒன்று காத்திருந்தது. அந்தப் பிராணியின் விவரப் பட்டியல் எஸ்ஆர்டியில் கிடையாது, அதனால் அந்த உரிமம் அதற்குச் செல்லாது. பெயரை மட்டும் மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மிதக்கும் உருண்டை, நடுவே பெரிய கண், தலையில் கண்தண்டுகள். என்ன பெயர் வைத்தாலும் அது பிஹோல்டர்தான். இரண்டு இரவு உட்கார்ந்து, கிணற்றுக்குள் இருந்துகொண்டு கேட்ட குரல்களைத் திருடிப் பேசும் ஒன்றை உருவாக்கினேன். விளையாடிப் பார்த்த அன்று, செத்துப்போன கூட்டாளியின் குரலில் கிணறு கூப்பிட்டது. மேசையில் ஒருவரும் பகடையைத் தொடவில்லை.