‘மாசம் பத்து லோடு நிச்சயம்’: புது லாரிக்காரர்கள் விழும் பள்ளம்

போன வாரம் சங்ககிரி பைபாஸில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தெரிந்த தம்பி ஒருவர் வந்து, “இன்னொரு பத்து வீல் எடுக்கலாம்னு இருக்கனுங்ணா. லோடுக்குப் பிரச்சினையே இல்லீங்க, கம்பெனில சொல்லிட்டாங்க” என்றார். எனக்கு டீ இறங்கவில்லை. 2021 ஜனவரியில் இதையேதான் நானும் என் வீட்டில் சொன்னேன்.

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காலாவதியான வண்டியை ஓட்டாதே, இன்சூரன்ஸை விடாதே என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதுகூடத் தெரியாதவர் லாரி வாங்க மாட்டார்.

வாய்ச்சொல்லை நம்பி வண்டி எடுப்பது

அப்போது என்னிடம் ஒரே வண்டி. புரோக்கர் கமிஷனுக்கு லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸில் காத்துக் கிடந்து, கிடைத்ததை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கம்பெனியின் டெஸ்பாட்ச் மேனேஜர், “இன்னொரு வண்டி போடுங்க, ரெண்டுக்கும் சேர்த்து மாசம் பத்து லோடு நிச்சயம்” என்றார். பழைய வண்டி ஒன்றை ஃபைனான்ஸில் எடுத்து, இரண்டையும் அந்தக் கம்பெனி லோடுக்கே ஓட அட்டாச் செய்தேன். முதல் மாதம் பத்து லோடு வந்தது. மூன்றாம் மாதம் ஆறு. கேட்டால், சரக்கு நகரவில்லை என்றார்கள். தவணை மட்டும் ஐந்தாம் தேதியானால் தவறாமல் நகர்ந்தது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வருஷம் முழுக்க ஒரே வாடகை என்பதற்கும் தலையாட்டியிருந்தேன். அந்த ஜனவரியில் 80 ரூபாய் வாக்கில் இருந்த டீசல், அக்டோபரில் 100-ஐத் தாண்டியது. போய் நின்றால், “நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க?”

இதைவிடப் பெரிய ஓட்டை, பணம் வரும் நாள். புக்கிங் ஆபீஸ் லோடில், ஏற்றும்போதே வாடகையில் பெரும்பகுதி அட்வான்ஸாகக் கைக்கு வந்துவிடும். இங்கே அட்வான்ஸே கிடையாது. சரக்கு சேர்ந்ததாகக் கையெழுத்தான எல்.ஆரை (லாரி ரசீதை) கொடுத்து, பில் போட்டு, அதிலிருந்து 60 நாள். ஒரு கணக்குப் போடுங்கள். மாதம் 6,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 1,500 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தாலும் 1,38,000 ரூபாய். இரண்டு வண்டி, இரண்டு மாதம்: 5,52,000. இது வெறும் டீசல்தான். டோல், டிரைவர் படி, டயர், தவணை எதையும் சேர்க்கவில்லை. அவர்கள் சரக்கை என் வட்டிக் காசில் ஓட்டிக்கொடுத்திருக்கிறேன். அடகுக்குப் போன வீட்டு நகை திரும்பி வர மூன்று வருஷம் ஆனது. இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான்.

வண்டி எடுக்கும் முன்பே மூன்றை எழுதி வாங்குங்கள்: குறைந்தது எத்தனை லோடு, டீசல் ஏறினால் வாடகை எவ்வளவு ஏறும், பணம் எந்த நாளில் வரும். சிறு, குறு தொழிலுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் செய்துவிடுங்கள். 2006-ஆம் வருஷத்துச் சிறு, குறு தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால், பணத்தைத் தரும்வரை அந்தத் தொகையைக் கம்பெனி தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. இதைச் சொன்னதும் அக்கவுண்ட்ஸ் ஆள் நிமிர்ந்து உட்காருவார். பாக்கி ஏறிய பிறகு சட்டம் பேசினால் அடுத்த லோடு வராது என்பதும் உண்மை. அதனால் முதல் லோடுக்கு முன்பே பேசிவிடுங்கள். எவ்வளவு நல்ல கம்பெனி என்றாலும் வண்டிகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் கட்டாதீர்கள்.

தம்பியிடம் இவ்வளவும் சொன்னேன். “மேனேஜர் நல்ல மனுஷனுங்ணா” என்றார். என் மேனேஜரும் நல்ல மனுஷன்தான். எட்டாவது மாதம் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

போகிற வாடகையை மட்டும் பார்ப்பது

சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி மகாராஷ்டிரா போனால் வாடகை ஆசை காட்டும். திரும்புகையில் நாசிக் வெங்காயம் கிடைத்தால் சரி. கிடைக்காமல் மூன்று நாள் படுத்துவிட்டால், வந்த லாபம் அங்கேயே கரைந்துவிடும். அப்புறம் எம்டியாக, வெறும் வண்டியாகத்தான் இறங்கி வர வேண்டும். நாமக்கல் கோழித்தீவனத்துக்குத் தாவணகெரே பக்கமிருந்து மக்காச்சோளம் வருகிறது. வழியிலேயே இருக்கிற அப்படிப்பட்ட லோடை, கிளம்பும் முன்பே போனில் பேசி வையுங்கள். வீட்டை விட்டுப் போன நாள் முதல் திரும்பிய நாள் வரை எண்ணி, மொத்த வாடகையை அதால் வகுத்துப் பாருங்கள்.

புரோக்கரைப் பகைப்பது

கமிஷன் கசக்கத்தான் செய்யும். கம்பெனி லோடு நின்ற அன்று, என் போனை எடுத்தது அவர்தான்.

ஈவே பில் தேதி

சரக்கோடு போகிற ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு இது; 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும். வண்டி பழுதாகி நின்றால், காலாவதிக்கு 8 மணி நேரம் முன்போ பின்போ நீட்டிக்கலாம். டிரைவரிடம் சொல்லி வையுங்கள்.

ஓவர்லோடு

சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. வேண்டாம்.

சீல் இல்லாத எல்.ஆர்.

பில்லே போட முடியாது. சரக்கை இறக்கிய இடத்திலேயே சீல் போட்டு, போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். போட்டோ வந்த பிறகு வண்டி கேட்டைத் தாண்டட்டும்.