எம்ஜிபி காரில் வெபர் கார்புரேட்டர்: ஆக்சிலரேட்டர் கேபிளையும் பெடலையும் பொருத்துவது எப்படி?

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் பொதுவாக இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்கள் இருக்கும். 1975 முதல் அமெரிக்காவுக்குப் போனவற்றில் ஒற்றை ஜெனித்-ஸ்ட்ராம்பர்க். தேய்ந்துபோன இவற்றைக் கழற்றிவிட்டு, 32 மி.மீ., 36 மி.மீ. என இரண்டு துளைகள் உள்ள வெபர் 32/36 டிஜிவி கார்புரேட்டரைப் பொருத்துகிறவர்கள் நிறைய உண்டு. புதிய மேனிஃபோல்டையும் (கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் குழாய்) கார்புரேட்டரையும் முடுக்கியதும் வேலை முடிந்ததாகப் புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் கேபிள்தான் அதிக நிதானம் கேட்கும் பகுதி. ஜெட் (பெட்ரோல் அளவாகப் பாயும் நுண்துளை) அளவு தவறினால் இன்ஜின் திணறும், புகையும். கேபிள் சிக்கினால் வண்டியின் வேகம் குறையாது.

தொடங்கும் முன் பேட்டரியின் எர்த் இணைப்பை (காரின் உடலோடு சேரும் முனை) கழற்றிவிடுங்கள். இன்ஜின் முழுக்க ஆறியிருக்கட்டும்.

1. இழுப்பு தூரத்தை அளந்துகொள்ளுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. கார்புரேட்டர் லீவர் முழுதும் திறக்க, கேபிள் உறைக்குள் ஓடும் கம்பி எவ்வளவு இழுபட வேண்டும், பெடல் எவ்வளவு இழுத்துத் தரும் என்ற இரண்டும் பொருந்த வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. லீவரில் சுழல் அச்சிலிருந்து கம்பி மாட்டும் துளை வரை 25 மி.மீ., லீவர் சுழல்வது 80 பாகை என்றால், சுமார் 32 மி.மீ. இழுப்பு தேவை. பெடலில் கால் வைக்கும் தகடு 75 மி.மீ. நகர்கிறது, அச்சுக்குக் கீழ்ப்புற நீளம் மேற்புறத்தைப்போல் மூன்று மடங்கு என்றால், கம்பி 25 மி.மீ.தான் நகரும். பெடல் தரையைத் தொட்டாலும் கார்புரேட்டர் முழுதாகத் திறக்காது. லீவரில் அச்சுக்கு அருகே, 19 மி.மீ. தூரத்தில் இன்னொரு துளை போட்டால் தேவை 25 மி.மீ.க்குள் அடங்கிவிடும். ஆனால் பெடல் சற்றுக் கனக்கும். மெல்லிய அழுத்தத்துக்கே வண்டி துள்ளும். அதனால் தேவைக்கு மேல் துளையை அச்சுக்கு அருகே கொண்டுபோகாதீர்கள்.

2. பிராக்கெட்டை மேனிஃபோல்டில் பொருத்துங்கள்

கேபிள் உறையின் முனையைப் பிடிக்கும் பிராக்கெட் மேனிஃபோல்டிலோ கார்புரேட்டரிலோ இருக்க வேண்டும், காரின் உடலில் அல்ல. இன்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கிளட்சை விடும்போது ஆடும். பிராக்கெட் உடலில் இருந்தால் ஒவ்வோர் ஆட்டமும் கம்பியை இழுக்கும், கார் குலுங்கிக் குலுங்கிப் போகும்.

பிராக்கெட்டின் இடத்தைத் தீர்மானிக்க ஒரு விதி உண்டு: லீவர் பாதி திறந்திருக்கும்போது கம்பியும் லீவரும் செங்கோணத்தில் இருக்க வேண்டும். முழுதும் திறக்கும்போது லீவரும் கம்பியும் ஒரே நேர்கோட்டுக்கு வரவே கூடாது. அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் ஸ்பிரிங் எவ்வளவு இழுத்தாலும் லீவர் திரும்பாது. லீவரைக் கையால் மெதுவாகத் திருப்பி இதை நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள்.

3. கேபிளின் பாதை

கேபிளின் குமிழ் முனையைப் பெடல் தண்டின் மேல்முனையிலுள்ள பிளவில் மாட்டி, மறுமுனையை, காருக்குள்ளிருந்து இன்ஜினைப் பிரிக்கும் தகட்டுச் சுவரின் துளை வழியாக இன்ஜின் பக்கம் செலுத்துங்கள். எம்ஜிபி இன்ஜினில் கார்புரேட்டரும் புகைபோக்கி மேனிஃபோல்டும் இடப்புறத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. எனவே கேபிள் அந்தச் சூட்டைத் தொடாமல், பெரிய வளைவாக மேலே செல்ல வேண்டும். வலப்புற ஸ்டியரிங் உள்ள காரில் கேபிள் இன்ஜினுக்குப் பின்னால் குறுக்கே வர வேண்டியிருப்பதால் நீளம் கூடுதலாகத் தேவை. இடப்புற ஸ்டியரிங் காருக்கான கேபிளை வாங்கிவிடாதீர்கள்.

உறைக்குள் நைலான் அல்லது டெஃப்ளான் பூச்சு இருந்தால் எண்ணெய் விட வேண்டாம். எண்ணெயில் தூசி ஒட்டிக் கம்பியை இறுக்கும்.

4. லீவரில் கம்பியைப் பிடிப்பது

கம்பியைப் பிடிக்கும் சிறிய உருளை, லீவரில் தடையின்றிச் சுழல வேண்டும். அது இறுகியிருந்தால் கம்பி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மடிந்து, இழை இழையாக அறுந்துபோகும். பெடலை யாரும் தொடாத நிலையில் 1 முதல் 2 மி.மீ. வரை தளர்ச்சி விட்டுத் திருகை முடுக்குங்கள். தளர்ச்சியே இல்லாவிட்டால், ஐடில் ஸ்குரூவை (பெடலைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகத்தைச் சரிசெய்யும் திருகு) திருப்பினாலும் வேகம் குறையாது. மிச்சக் கம்பியை வெட்டும் முன் வெட்டும் இடத்தில் சோல்டர் வைத்துவிட்டால் இழைகள் பிரியாது.

5. ஸ்பிரிங் இரண்டு, ஸ்டாப் ஒன்று

கேபிள் இழுக்கும், தள்ளாது. ஆகவே பெடலில் இருக்கும் ஸ்பிரிங் கார்புரேட்டரை மூடிவிடும் என்று நம்பக் கூடாது. கார்புரேட்டர் அச்சிலேயே ஒரு ஸ்பிரிங், லீவருக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே தனியாக இன்னொன்று என இரண்டு வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றது மூட வேண்டும். ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதியுங்கள்.

பெடலுக்குப் பின்னால் ஒரு போல்டையும் பூட்டு நட்டையும் ஸ்டாப்பாக வையுங்கள். கார்புரேட்டர் முழுதும் திறந்த அதே கணத்தில் பெடல் இந்தப் போல்டில் முட்ட வேண்டும். காலின் முழு பலமும் கார்புரேட்டரின் மெல்லிய லீவர் மேல் விழுந்தால் லீவர் வளையும், கம்பி நீளும், அச்சு தேயும்.

6. சோதனை

ஏர் கிளீனரைக் கழற்றி, ஒருவரைப் பெடலை மெதுவாக அழுத்தச் சொல்லி மேலிருந்து பாருங்கள். டிஜிவியில் 32 மி.மீ. துளை முதலில் திறக்கும். அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு திறந்த பிறகே 36 மி.மீ. துளை அசையத் தொடங்கும். அந்த இடத்தில் பெடல் கனப்பது இயல்பு. கடைசியில் துளைகளைத் திறந்து மூடும் இரண்டு தகடுகளும் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒவ்வோர் அழுத்தலிலும் ஆக்சிலரேட்டர் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சும் என்பதால், கார்புரேட்டரில் பெட்ரோல் நிரம்பும் முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. தரைவிரிப்பை இட்ட பிறகும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விரிப்பின் ஓரம் பெடலைப் பிடித்துக்கொள்வது உண்டு.

இன்ஜினுக்கும் உடலுக்கும் இடையேயான எர்த் பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது விட்டுப்போயிருந்தால் ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் புதிய கேபிள் வழியாகவே பாயும். கம்பி சிவக்கச் சூடாகி உறையோடு உருகிவிடும்.

பிறகு பேட்டரியை இணைத்து, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, பெடலை அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு முறையும் இன்ஜினின் சுற்று வேகம் உடனே பழைய ஐடிலிங்குக்கு இறங்க வேண்டும். சாலையில் எப்போதாவது பெடல் சிக்கினால் கிளட்சை மிதித்து இக்னிஷனை அணையுங்கள். வண்டி நிற்கும்வரை சாவியை உருவாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

முதல் சில பயணங்களுக்குப் பின் புதிய கேபிள் சற்று அமர்ந்திருக்கும். தளர்ச்சியை மீண்டும் 1 முதல் 2 மி.மீ.க்குக் கொண்டுவந்து, உருளையின் திருகை இன்னொரு முறை முடுக்குங்கள். அங்கே ஓர் இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிடுங்கள்.